நானூற்று நாற்பத்து நான்காம் பக்கம்

பித்தளைப் பெயர்ப்பலகையைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு முடிச்சையும் போட்டு முடித்தார் மாப்பிள்ளை.

“பார்சல் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம், மச்சான். கப்பல்ல ஏத்தினாலும் இது அவிழாது. ஆனா இந்தக் குட்டி நுனி இருக்கு பாருங்க, இதை இழுத்தா பச்சைக் குழந்தைகூட பிரிச்சிடும்.”

“அது முடிச்சே இல்லை” என்றார் பதிவாளர். “முடிச்சுன்னா வெட்டினாத்தான் பிரியணும். அப்பத்தான் எவனாவது கை வெச்சானான்னு தெரியும்.”

“உங்க ஆபீஸ்ல யாரையும் நம்ப மாட்டீங்க. எங்க ஆபீஸ்ல சீக்கிரம் பிரிச்சுக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

பதிவாளர் காரின் முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். நீதிமன்றப் பதிவறையில் முப்பத்தைந்து வருடம் கோப்புக் கட்டுகளோடு வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கள்ளக் கையெழுத்து, காணாமல் போன பத்திரம் என்று யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் துப்பறிவார், தங்கையின் கணவரான மாப்பிள்ளை கார் ஓட்டுவார், கிண்டலும் அடிப்பார். ஒரே வீட்டில் கீழே இவர், மேலே அவர்கள்.

பின் இருக்கையில் கிடந்த பலகை தங்கை மகளுக்கானது. அவள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்ற சொல் மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருக்கவேண்டும் என்று பதிவாளரே கடையில் நின்று செதுக்கவைத்தது. அடுத்த வாரம் முனைவர் பட்டமளிப்பு. அந்தக் குடும்பத்தில் அந்தச் சொல்லைத் தாங்கப்போகும் முதல் ஆள் அவள். இதைத் தெருவில் எதிர்ப்பட்ட ஒருவரிடமும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

“பலகையை மாட்டுறது அப்புறம். பல்கலைக்கழகத்துக்கு விடுங்க. அந்தம்மா காத்திட்டிருப்பாங்க.”

*

பேராசிரியையின் அறையில் இரண்டு நாற்காலிகள்தான் காலி. மற்றவற்றில் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. மேசைமேல் இரண்டு பொருள்கள்: கனமான தட்டச்சுப் பிரதி ஒன்று, அதன் பக்கத்தில் புத்தம் புதிய மெல்லிய புத்தகம் ஒன்று.

“இது பதினெட்டு வருஷம் நான் எழுதினது” என்றார் அவர். “ஒரு ரஷ்ய ஞானியோட கடைசிக் காலச் சிந்தனை. இது போன மாசம் எங்க துறைத்தலைவர் வெளியிட்டது. அதே ஞானி. அதே வாதம். நான் அவர்கிட்டேருந்து திருடிட்டேன்னு அவரே புகார் கொடுத்திருக்கார். இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணைக் குழு. ஆதாரம் காட்டலைன்னா என் புத்தகம் வராது, நானும் இந்த அறையில இருக்க மாட்டேன்.”

அவர் குரல் உயரவே இல்லை. பதிவாளருக்கு அவரைப் பிடிக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து, “பத்திரமா வெச்சிருக்க முடியுமா?” என்று கேட்டவர். வீட்டுப் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து, உள்ளே என்ன என்று கேட்காமல், நூல் கட்டி இரும்பு அலமாரியில் வைத்தார் பதிவாளர். நம்பிக் கொடுத்ததை என்னவென்று கேட்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

மாப்பிள்ளை மெல்லிய புத்தகத்தைப் புரட்டினார். “டீச்சர், இந்தச் சாமியார் என்னதான் சொல்றார்? எனக்குப் புரியற மாதிரி ரெண்டு வரியில சொல்லுங்க.”

பேராசிரியை முதன்முறையாகச் சிரித்தார். “இளவயசுல அவர் சொன்னது, கடைசியில எல்லாருக்கும் மன்னிப்பு உண்டு, கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி. முப்பது வருஷம் அதையே எழுதினார். அப்புறம் உயிர் நண்பன் ஒருத்தன் இவரோட கடிதங்களைக் கொண்டுபோய் அதிகாரிங்ககிட்ட கொடுத்துட்டான். இவர் மன்னிக்கத் தயாரா காத்திருந்தார். அவன் வரவே இல்லை. சாகறதுக்கு முன்னால கடைசி நோட்டுல மாத்தி எழுதினார். மன்னிக்கிறவன் வாசல் வரைக்கும்தான் வர முடியும். கதவு உள்பக்கமா தாழ் போட்டிருக்கு. திறக்க வேண்டியவன் தப்பு செஞ்சவன்.”

“எங்க வீட்லயும் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். ஆனா தப்பு செஞ்ச நான் எப்பவும் வெளியிலதான் நிக்கறேன்” என்றார் மாப்பிள்ளை.

பதிவாளர் இருவரையும் கவனிக்கவில்லை. துறைத்தலைவரின் புத்தகத்தில் பக்க அடியில் இருந்த சிறிய எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பதிவறைக்காரர்கள் எந்தக் கட்டையும் பின்னாலிருந்துதான் படிப்பார்கள்.

“மூணு அடிக்குறிப்பு. மூணு வேற வேற விஷயம். ஆனா மூணுமே மூலத் தொகுப்பு, மூன்றாம் தொகுதி, பக்கம் நானூத்தி நாப்பத்தி நாலு. அந்தத் தொகுதி இங்க இருக்கா?”

பேராசிரியை எழுந்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதிவாளர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

“இல்லாத பக்கத்துல எப்படிம்மா படிச்சார்?”

“அது என் வழக்கம்” என்றார் அவர். “எழுதற வேகத்துல பக்க எண்ணைத் தேடிட்டிருக்க முடியாது. ஒரு பொய் எண்ணைப் போட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் மூலத்தைப் பார்த்துத் திருத்துவேன். முதல் வரைவுல நூத்திப் பதினொண்ணு. ரெண்டாவதுல இருநூத்தி இருபத்திரெண்டு. எந்த வரைவுன்னு பார்த்த உடனே தெரியறதுக்காக.”

“அப்போ இது நாலாவது வரைவைப் பார்த்து எழுதினது.”

“திருடன் மூலத்தைத் திறந்தே பார்க்கலைன்னு அர்த்தம்!” என்று மாப்பிள்ளை தொடையில் தட்டினார். “பரீட்சையில பக்கத்துப் பையன் பேரையும் சேர்த்துக் காப்பி அடிச்ச மாதிரி.”

“நாலாவது வரைவு எத்தனை பிரதி எடுத்தீங்க?”

“ரெண்டு. ஒண்ணு டி.டி.பி. சென்டருக்குப் போச்சு.”

“இன்னொண்ணு?”

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பினார். “முதல்ல டி.டி.பி. சென்டரைப் பாருங்க” என்றார்.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைப் பதிவாளர் குறித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளையைக் காணோம். வண்டி வெயிலில் நிற்கிறது என்று எழுந்து போய்விட்டிருந்தார்.

*

டி.டி.பி. சென்டர் ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. இரண்டு கணினி, ஒரு மின்விசிறி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஓர் அம்மாள். மாப்பிள்ளை உள்ளே வரவில்லை. மை வாசனை ஒத்துக்கொள்ளாதாம். ஆச்சரியம்தான். எங்கே நாலு பேர் இருந்தாலும் நடுவில் போய் நிற்கிறவர் அவர்.

“நானூத்தி நாப்பத்தி நாலா? கேக்காதீங்க” என்றார் அந்த அம்மாள். “நானே போன் போட்டு, ஏம்மா, உங்க சாமியார் அந்த ஒரு பக்கத்துலயேதான் குடியிருக்காரான்னு கேட்டேன். இருங்க, எடுத்துக் காட்டறேன். என்கிட்ட வந்த காகிதம் ஒண்ணுகூட வெளிய போகாது. சந்தேகப்பட்டுத்தானே வந்திருக்கீங்க?”

“வேலையே அதுதாம்மா.”

“அப்போ நல்லாவே சந்தேகப்படுங்க.” அவர் கட்டைத் தூக்கிப் பதிவாளர் முன்னால் போட்டார். “நாலாவது வரைவு. எண்ணிக்குங்க. ஒன்பது அத்தியாயம்.”

பதிவாளர் எண்ணினார். ஒன்பதுதான். துறைத்தலைவர் புத்தகத்தைத் திறந்தார். பத்து. இல்லாத பக்கத்தைச் சொல்லும் அடிக்குறிப்புகளில் ஒன்று அந்தப் பத்தாவது அத்தியாயத்தில்தான் இருந்தது, கதவும் தாழ்ப்பாளும் வரும் இடத்தில்.

“பத்தாவது?”

“கடைசி நோட்டு பத்தினதுதானே? அது எனக்கு அஞ்சாவது வரைவோடதான் வந்துது, பக்க எண்ணெல்லாம் சரியாத் திருத்தி. அந்தக் கடைசி நோட்டோட படம் கிடைக்கவே அந்தம்மா ஏழு வருஷம் கடுதாசி எழுதினாங்க. எழுதி முடிச்ச அன்னிக்கே, இன்னொரு பிரதியில சேர்த்து ஒரு பத்திரமான இடத்துல வெச்சுட்டேன்னு சொன்னாங்க.”

“எங்கேன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்களே. யாரோ ஒரு பதிவாளர் வீட்டு இரும்பு அலமாரியில. உள்ள என்னன்னுகூட கேக்காத மனுஷர், என் கண்ணு முன்னாலயே நூல் கட்டி வெச்சாருன்னு ஒரே பெருமை. ஏன் சார், தண்ணி வேணுமா?”

பதிவாளர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். தெருவுக்கு வந்து காரில் ஏறினார்.

“என்ன மச்சான், டி.டி.பி. அம்மாதான் திருடியா? விலங்கு எடுத்து வரட்டுமா?”

“வீட்டுக்கு விடுங்க.”

வழி முழுக்க மாப்பிள்ளை ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. பதிவாளரும் ஏன் என்று கேட்கவில்லை.

*

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பதிவாளரின் இடுப்பில். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கை அலைய வேண்டாமே என்று இன்னொன்றை ஒன்பது வருடத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தார். கொடுத்ததையே மறந்திருந்தார்.

இரண்டாம் தட்டில், வைத்த இடத்திலேயே உறை இருந்தது. நூலும் கட்டியே இருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

அவருடைய முடிச்சு நான்கு மடிப்பாக இறுகி உட்காரும். விரலால் பிரிக்கவே முடியாது; வெட்டத்தான் வேண்டும். இது அப்படியில்லை. அடக்கமாக, அழகாக, ஓரத்தில் ஒரு குட்டி நுனியை நீட்டிக்கொண்டு நின்றது. இருபத்தெட்டு வருடம் பழகிய கை, திருட்டு வேலையிலும் தன் வழக்கத்தை விடவில்லை.

பதிவாளர் நுனியை இழுத்தார். கட்டு பிரிந்து காகிதங்கள் மேசையில் சரிந்தன. நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார்.

“ஒரு நாள்தான் மச்சான். ஒரே ஒரு நாள். படிச்சுட்டுத் தரேன்னார். மறுநாளே கொடுத்துட்டார்.”

“துறைத்தலைவரா?”

“நம்ம பொண்ணோட ஆய்வேட்டை அஞ்சு வருஷமா மேசையில போட்டு உக்காந்திருந்தார். கைடு கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராது. ஒவ்வொரு தடவையும் அழுதுட்டு வருவா. மாடியிலதான் அழுவா, உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. நான் போய்க் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அப்பத்தான் கேட்டார். அந்தம்மா உங்க வீட்ல ஏதோ வெச்சிருக்காங்களாமே, ஒரு பார்வை பார்க்கலாமான்னு. மறு வாரம் கையெழுத்துப் போட்டுட்டார்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“சத்தியமாத் தெரியாது.”

“என் தங்கச்சிக்கு?”

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். “புத்தகமாப் போடுவார்னு நான் நினைக்கலை மச்சான். நானும் போன மாசம்தான் பார்த்தேன்.”

“பார்த்துட்டும் இன்னிக்குக் காலையில என்கூட வண்டியில வந்தீங்க. அந்தம்மா முன்னால உக்காந்து ஜோக் அடிச்சீங்க.”

“வாயை மூடினா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்னு பயந்தேன்.”

பதிவாளர் காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் பொறுப்பிலிருந்து ஒரு தாள் தவறியதில்லை. அமைச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தபோதும் தவறியதில்லை. தவறியது அவர் வீட்டுக்குள்ளேயே, தங்கையையும் சாவியையும் எந்தக் கையில் கொடுத்தாரோ அந்தக் கையால்.

“நீங்கதானே மச்சான் ஊரெல்லாம் சொன்னீங்க, எங்க குடும்பத்துல முதல் டாக்டர்னு” என்றார் மாப்பிள்ளை. “அப்புறம் நான் எப்படி...”

“பழியைக் கொண்டுவந்து என் வாசல்ல இறக்காதீங்க.”

சத்தம் போடவில்லை. அதனால்தான் மாப்பிள்ளை ஓர் அடி பின்வாங்கினார்.

“உங்க பேரை என் வாயால சொல்ல மாட்டேன். என் தங்கச்சி புருஷனை நாலு பேர் முன்னால நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். என் வீட்டுலேருந்து போச்சுன்னு மட்டும் சொல்லுவேன். கட்டுங்க இதை. எப்படிக் கட்டினீங்களோ அப்படியே கட்டுங்க.”

*

மணி நாலாக ஐந்து நிமிடம் இருக்கையில் தாழ்வாரத்தில் பேராசிரியை தனியாக நின்றிருந்தார். பதிவாளர் கையிலிருந்த உறையைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியும்” என்றார் பதிவாளர்.

“அந்தப் புத்தகத்துல பத்தாவது அத்தியாயத்தைத் திறந்த உடனே தெரியும். நானூத்தி நாப்பத்தி நாலுன்னு எண் போட்ட பத்தாவது அத்தியாயம் உங்க அலமாரியைத் தவிர வேற எங்கயும் இல்லை.”

“அப்போ என்னைத் துப்பறியக் கூப்பிடலை.”

“இல்லை. நீங்களா வந்து சொல்லணும்னு கூப்பிட்டேன்.”

பதிவாளர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். “நான்தான் கொடுத்தேன்னு நினைச்சீங்களா?”

“உங்க தங்கச்சி பொண்ணுக்கு அவர்தானே கைடு. அஞ்சு வருஷம் நகராத ஆய்வேடு திடீர்னு நகர்ந்துது.” அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. “இன்னிக்குக் காலைவரைக்கும் நினைச்சேன். நீங்க அந்த அடிக்குறிப்பை நீங்களாவே கண்டுபிடிச்சு என்கிட்ட காட்டினப்பதான், கொடுத்தவர் இதைக் காட்ட மாட்டாரேன்னு தோணிச்சு. மன்னிச்சுக்குங்க.”

“நீங்க மன்னிப்பு கேக்கற இடம் இல்லைம்மா இது” என்று சொல்லிப் பதிவாளர் கதவைத் தள்ளினார்.

நீள மேசையின் ஒரு பக்கம் குழுவினர் மூன்று பேர். எதிரே துறைத்தலைவர், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு. பேராசிரியை நேராக மூன்றாம் தொகுதியை அவர் முன்னால் வைத்தார்.

“உங்க அடிக்குறிப்புல இருக்கிற நானூத்தி நாப்பத்தி நாலாம் பக்கத்தை எடுத்துக் காட்டுங்க சார்.”

துறைத்தலைவர் புரட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டில் புத்தகம் முடிந்தது. திரும்பவும் புரட்டினார். எத்தனை தரம் புரட்டினாலும் புத்தகம் வளரவில்லை.

“அச்சுப் பிழை.”

“மூணு இடத்துலயுமா?” என்றார் குழுத்தலைவி.

“பிழை யாருக்கும் வரும். ஆனா இவங்க பிரதியை நான் கண்ணால பார்த்ததே இல்லை. பார்த்தேன்னு நிரூபிக்கட்டும். எங்கே இருந்துது அந்தப் பிரதி?”

பதிவாளர் எழுந்து உறையை மேசையில் வைத்தார். “என் வீட்ல, என் அலமாரியில. நான் கட்டின கட்டு வெட்டப்பட்டிருக்கு. இது வேற கட்டு. என் வீட்டுலேருந்துதான் வெளிய போச்சு.”

“யார் எடுத்தது?”

பதிவாளர் உறையின் முடிச்சைப் பார்த்தார்.

துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ நீங்கதான் எடுத்து யாருக்கோ கொடுத்திருக்கணும். இல்லே, எதுவுமே போகலை, இவங்களுக்காக இப்பக் கதை கட்டறீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மூன்று தலைகள் பதிவாளர் பக்கம் திரும்பின. எத்தனையோ சாட்சிகள் கூண்டில் நின்று இப்படிப் பார்க்கப்பட்டதை அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அந்தப் பார்வை உடம்பில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகை வளைக்காமல் நின்றார். ஒரு பெயரைச் சொன்னால் போதும். சொல்லவில்லை.

“பதில் இல்லைன்னா குறிச்சுக்கறேன்” என்று குழுத்தலைவி பேனாவை எடுத்தார்.

கதவு திறந்தது.

மாப்பிள்ளை கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் மேசைக்கு நடந்து, உறையின் நுனியைப் பிடித்து இழுத்தார். கட்டு பிரிந்தது. அதே வேகத்தில் திரும்பக் கட்டிக் காட்டினார்.

“இந்த முடிச்சு என்னுது. இவருக்கு இப்படிக் கட்டத் தெரியாது. அலமாரியைத் திறந்தது நான். கொண்டுபோய்க் கொடுத்தது இந்த ஐயாகிட்ட. என் பொண்ணுக்கு ஒரு கையெழுத்து வேணும்னு கொடுத்தேன். என்ன தேதியில கொடுத்தேன், அவர் என்ன தேதியில கையெழுத்துப் போட்டார்னு ஆய்வேட்டை எடுத்துப் பாருங்க. ஒரே வாரம்.”

துறைத்தலைவரின் சட்டை மடிப்பு அப்போதும் கலையவில்லை. முகம்தான் கலைந்திருந்தது.

*

பேராசிரியையின் புத்தகம் அவர் பெயரிலேயே வரும் என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தார்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஆய்வேடுகள் எல்லாம் மறுபடி பரிசீலிக்கப்படும் என்றும் அதே தாளில் இருந்தது. அடுத்த வாரப் பட்டமளிப்புப் பட்டியலில் தங்கை மகளின் பெயர் இருக்காது.

மாப்பிள்ளை முன் கதவைத் திறந்து பிடித்தார். பதிவாளர் அதைக் கடந்துபோய்ப் பின் கதவைத் திறந்து, பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் காரில் பின்னால் உட்கார்ந்ததில்லை.

“முன்னால வாங்க மச்சான்.”

“வண்டியை எடுங்க.”

மாப்பிள்ளை சாவியைத் திருகவில்லை. முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

“நானாத்தானே வந்து சொன்னேன். யாரும் கூப்பிடலையே.”

“சொன்னீங்க. அந்தம்மா உங்களை மன்னிப்பாங்க. அவங்க படிச்சவங்க.”

“நீங்க?”

பதிவாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தாழ்வாரத்தில் பேராசிரியை நின்று கை கூப்பினார். இவரும் கூப்பினார். மாப்பிள்ளை சாவியிலிருந்து கையை எடுத்தார்.

“பொண்ணுகிட்ட யார் சொல்றது?”

“நீங்க.”

“பலகை?”

பதிவாளர் பக்கத்திலிருந்த செய்தித்தாள் கட்டைப் பார்த்தார். சணல் முடிச்சின் ஓரத்தில் அந்தக் குட்டி நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“கட்டினது நீங்கதானே. அவ முன்னால வெச்சு நீங்களே அவிழுங்க.”